சாம்பல் கூழும் ஒரு பாட்டில் ரசாயனமும்

எதிர்காலத்தில் இன்னின்னது நடக்கும் என்று சொல்வதையே வேலையாக வைத்திருப்பவர்களை அமெரிக்காவில் ஃப்யூச்சரிஸ்ட் என்கிறார்கள். நம்ம ஊர் கிளி ஜோசியருக்கும் இவர்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, இவர்கள் கணக்குப் போட்டுக் காட்டுவார்கள் :-) கிண்டல் ஒருபக்கம் இருக்கட்டும். இவர்கள் பத்திரிகைக்காரர்களிடம் பேசும்போது சொன்னது என்ன, அச்சில் வந்தது என்ன, நடுவில் எது காணாமல் போனது என்று பார்த்தால் நல்ல சுவாரசியமான சரித்திரம் கிடைக்கிறது. அதில் நான் ரொம்ப நாளாகத் துருவித் துருவிப் படித்த கேஸ் ஒன்று இருக்கிறது. எரிக் டிரெக்ஸ்லர் என்பவருடையது. நானோடெக்னாலஜி என்ற வார்த்தையை உலகத்துக்கே பழக்கிவிட்ட மனுஷன். கடைசியில் அந்த வார்த்தைக்குள்ளிருந்து அவரையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள். எப்படி என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

முதலில் சுருக்கமாக முன்கதை. 1959 டிசம்பர் 29 அன்று கால்டெக்கில் இயற்பியலாளர்கள் கூட்டத்தில் ரிச்சர்ட் ஃபைன்மன் ஒரு உரை நிகழ்த்தினார். அணுக்களை ஒவ்வொன்றாக நமக்குப் பிடித்த மாதிரி அடுக்க முடிந்தால் என்ன ஆகும் என்று ஜாலியாகக் கேட்டுவிட்டுப் போனார். 1974ல் நோரியோ தனிகுச்சி என்ற ஜப்பானியர் 'நானோ-டெக்னாலஜி' என்ற சொல்லை முதலில் பயன்படுத்தினார். அவர் சொன்னது மிக நுண்ணிய அளவில் பொருட்களைச் செதுக்குவதைப் பற்றி. இரண்டுமே அன்றைக்குப் பெரிய செய்தி ஆகவில்லை.

டிரெக்ஸ்லர் வந்தது இதற்கப்புறம். எம்.ஐ.டி. ஆசாமி. 1981ல், இருபதுகளின் நடுவில் இருந்தபோது, அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியின் ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார். உயிரணுவுக்குள் புரதங்கள் எந்திரம் மாதிரி வேலை செய்கின்றன, அப்படியானால் நாமும் மூலக்கூறு அளவில் எந்திரம் கட்டலாம் என்பது அதன் சாரம். 1986ல் அதையே பொதுமக்களுக்கான புத்தகமாக எழுதினார். பெயர் 'என்ஜின்ஸ் ஆஃப் கிரியேஷன்'. முன்னுரை எழுதியவர் செயற்கை அறிவுத் துறையின் பிதாமகர்களில் ஒருவரான மார்வின் மின்ஸ்கி. சும்மா ஆள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

புத்தகத்தின் கதாநாயகன் 'அசெம்ப்ளர்'. அணுக்களை எடுத்து, சரியான இடத்தில் வைத்து, பிணைக்கிற குட்டியூண்டு எந்திரம். ஆனால் ஒரே ஒரு அசெம்ப்ளரை வைத்துக்கொண்டு ஒன்றும் கிழிக்க முடியாது. நொடிக்கு நூறு கோடி அணுக்களை அடுக்கினாலும் கைப்பிடி அளவு பொருள் செய்ய 1.9 கோடி வருடம் ஆகும். (இந்தக் கணக்கைப் போட்டவர் இவருடைய பிற்கால எதிரி. அவர் கதை கீழே வருகிறது.) ஆகவே அசெம்ப்ளர் முதலில் தன்னைப் போலவே இன்னொரு அசெம்ப்ளரைச் செய்யட்டும், அவை இரண்டும் சேர்ந்து நாலாகட்டும் என்றார் டிரெக்ஸ்லர். தன்னைத்தானே நகலெடுக்கும் எந்திரம். ரெப்ளிகேட்டர்.

இங்கேதான் அந்தப் பாட்டில் வருகிறது. ஒரு பாட்டில் நிறைய ரசாயனம், அதில் ஒற்றை ரெப்ளிகேட்டர் மிதக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நகல் எடுக்க 1000 நொடி. 1000 நொடியில் இரண்டு, அடுத்த 1000 நொடியில் நாலு, அப்புறம் எட்டு. பத்து மணி நேரத்தில் 36 சுற்று. கால்குலேட்டரில் இரண்டை 36 தடவை பெருக்கிப் பாருங்க, 6,800 கோடியைத் தாண்டும். சதுரங்கக் கட்டத்தில் அரிசி கேட்ட கதைதான். ஒரு நாள் முடிவதற்குள் ஒரு டன் எடை. இரண்டு நாளுக்குள் பூமியின் எடையைத் தாண்டும். இன்னொரு நாலு மணி நேரத்தில் சூரியனும் கிரகங்களும் சேர்ந்த எடையையும் தாண்டிவிடும்... அதற்கு ரொம்ப முன்னாடியே பாட்டில் காலியாகாமல் இருந்தால்!

அந்தக் கடைசி நிபந்தனையை நான் சேர்க்கவில்லை. டிரெக்ஸ்லரே அங்கேயே எழுதியிருக்கிறார். அதாவது இரட்டிப்பாகப் பெருகுவது எவ்வளவு வேகம் என்று காட்டத்தான் அந்தக் கணக்கு. பூமியை முழுங்கப் போகிறது என்று சொல்வதற்கு அல்ல. நிஜ ஆபத்தைப் பற்றி அவர் பேசுவது இன்னும் சில அத்தியாயங்கள் தள்ளி. தாவரங்கள், பாக்டீரியா மாதிரி வெளி உலகில் கிடைப்பதைத் தின்று பெருகும் ரெப்ளிகேட்டரை யாராவது செய்து, அது கைமீறிப் போனால் உயிர்க்கோளமே காலி, இந்த மாதிரி விபத்து ஒன்றுகூட நமக்குக் கட்டுப்படியாகாது என்கிறார். இந்த அபாயத்துக்கு விஷயம் தெரிந்தவர்கள் வட்டாரத்தில் 'கிரே கூ' என்று பெயர் என்றும் போட்டார். சாம்பல் நிறக் கூழ். போட்ட கையோடு, அது சாம்பல் நிறமாகவோ கூழாகவோ இருக்க வேண்டிய அவசியமில்லை என்றும் விளக்கம் கொடுத்தார். எல்லாவற்றையும் அழிக்கிற அளவுக்கு வலிமையான ஒரு பொருள், சாதாரணக் களைப்புல்லைவிடக் கேவலமானதாகவும் இருக்கலாம் என்பதுதான் அந்தப் பெயர் சொல்ல வந்தது.

யோசித்துப் பாருங்க. ஒரு முழுப் புத்தகம். அதில் மருத்துவம், விண்வெளி, வறுமை, ஆயுதம், தகவல் வலைப்பின்னல் என்று என்னென்னவோ இருக்கிறது. பாதுகாப்புக்கு என்ன செய்யலாம் என்று தனியாகப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். ஆனால் வாயில் போட்டுக் குதப்ப வசதியாக இருந்தது ஒரே ஒரு எழுத்து வார்த்தை. கூ!

அந்த வருடமே நவம்பரில் 'ஆம்னி' பத்திரிகை நானோடெக்னாலஜி பற்றிப் பெரிய கட்டுரை போட்டது. ஆம்னி எப்படிப்பட்ட பத்திரிகை என்று தெரியணும்னா, அதை நடத்தியது 'பெண்ட்ஹவுஸ்' பத்திரிகையின் முதலாளி. பளபள தாள், அறிவியல் பாதி, விஞ்ஞானக் கதை பாதி. டிரெக்ஸ்லருடைய 1981 ஆய்வுக் கட்டுரையைப் படித்தவர்களைவிட இதைப் படித்தவர்கள் பல மடங்கு அதிகம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆக, அவருடைய துறை பொதுஜனத்துக்கு அறிமுகமானதே பளபள தாளில்தான்.

நம்ம தொழில்ல இருக்கிறவங்களுக்கு இது புரியும். "ரெக்வயர்மெண்ட் மாறாம இருந்தா, டெஸ்ட் சர்வர் திங்கட்கிழமை கைக்கு வந்தா, மூணு வாரத்துல முடிச்சிடலாம்"னு நாம சொல்லுவோம். மேனேஜர் காதில் "மூணு வாரம்" மட்டும் விழும். அவர் க்ளையண்ட்டுக்குப் போடுற மெயிலில் "மூணு வாரத்துக்குள்" என்று போகும். யாரும் பொய் சொல்லவில்லை. 'ஆல்' விகுதி மட்டும் வழியில் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. எதிர்காலத்தைப் பற்றிய எந்தப் பேச்சுக்கும் உயிர்நாடி இந்த 'ஆல்'தான். இருந்தால், நடந்தால், காலியாகாவிட்டால். செய்தித் தலைப்பில் அதற்குத்தான் இடம் கிடையாது.

அடுத்த பதிமூன்று வருடம் கொஞ்சம் அமைதியாகப் போனது. 1989ல் ஐ.பி.எம். ஆய்வகத்தில் டான் ஐக்லர் 35 செனான் அணுக்களை நகர்த்தி கம்பெனிப் பெயரை எழுதினார். அணுக்களைத் தனித்தனியாக நகர்த்த முடியும் என்று கண்ணால் பார்த்தாகிவிட்டது. 1991ல் டிரெக்ஸ்லர் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கினார். 1992ல் 'நானோசிஸ்டம்ஸ்' என்று இன்னொரு புத்தகம். இதில் கதையே கிடையாது, பூரா சமன்பாடுதான். உராய்வு எவ்வளவு, வெப்பத்தால் எவ்வளவு ஆடும், பிழை எத்தனையில் ஒன்று என்று இஞ்சினியர் மாதிரி உட்கார்ந்து எழுதியிருக்கிறார். என்னைக் கேட்டால் அவருடைய நிஜமான வேலை இதுதான். அவரைத் திட்டியவர்களில் பலர் சண்டை போட்டது 86ஆம் வருடப் புத்தகத்தோடு. 92ஆம் வருடப் புத்தகத்தை எத்தனை பேர் புரட்டினார்கள் என்பது எனக்கு எப்பவும் உள்ள சந்தேகம்.

இப்போது 2000க்கு வருவோம். கதை சூடு பிடிப்பது இங்கேதான்.

ஜனவரி 21 அன்று அதிபர் கிளிண்டன் அதே கால்டெக்குக்குப் போய், தேசிய நானோடெக்னாலஜி திட்டத்தை அறிவிக்கிறார். 50 கோடி டாலர். எஃகைப்போல் பத்து மடங்கு வலிமையும் எடையில் சிறு பகுதியும் கொண்ட பொருட்கள், அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் முழுவதையும் சர்க்கரைக் கட்டி அளவுக்குள் அடக்குவது, சில செல்களாக இருக்கும்போதே புற்றுநோயைப் பிடிப்பது என்று அடுக்கினார். சும்மா சொல்லக்கூடாது, இதற்கெல்லாம் இருபது வருடமோ அதற்கு மேலுமோ ஆகலாம் என்றும் அவரே சொன்னார். அரசியல்வாதி ஃப்யூச்சரிஸ்டைவிட ஜாக்கிரதையாகப் பேசிய அபூர்வ தருணம்! அந்த உரையில் ஃபைன்மன் பெயர் வந்தது. டிரெக்ஸ்லர் பெயர் வரவில்லை. பதினாலு வருடம் தெருத்தெருவாகக் கூவி விற்றவருக்குக் கல்யாணத்துக்கு அழைப்பில்லை.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. 'வயர்ட்' பத்திரிகையின் ஏப்ரல் 2000 இதழில் பில் ஜாய் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். யாரு பில் ஜாய்? நீங்க 'விஐ' எடிட்டரை மூட முடியாமல் முழிச்சிருக்கீங்களா? அதை எழுதியவர் :-) பி.எஸ்.டி. யூனிக்ஸில் பெரும் பங்கு, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனர்களில் ஒருவர், அப்போது அங்கே தலைமை விஞ்ஞானி. 1998ல் ஒரு மாநாட்டுக்குப் போன இடத்தில் ஹோட்டல் பாரில் ரே கர்ஸ்வைலைச் சந்தித்ததில் ஆரம்பித்த கவலை என்று கதை சொல்கிறார். மரபணுப் பொறியியல், நானோடெக்னாலஜி, ரோபோ மூன்றும் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் தன்மை உடையவை, ஆகவே அணுகுண்டைவிட ஆபத்தானவை, சில ஆராய்ச்சிகளை மனிதகுலம் தானாகவே கைவிட வேண்டும் என்பது அவர் வாதம். கட்டுரையில் கிரே கூவும் வந்தது.

இது காட்டுத்தீ மாதிரிப் பரவியது. ஏன் என்பதைக் கவனிக்கணும். ஆபத்தைப் பற்றி டிரெக்ஸ்லர் 1986லேயே எழுதிவிட்டார். 2000ல் அவருடைய ஃபோர்சைட் அமைப்பு நெறிமுறைகளையே வெளியிட்டது. வெளி உலகில் தானாக வாழக்கூடிய ரெப்ளிகேட்டரை வடிவமைக்கவே கூடாது என்பதெல்லாம் அதில் இருந்தது. நெறிமுறை எப்போதும் உள்பக்கச் செய்திதான். தொழில்நுட்பத்தில் கோடி கோடியாகச் சம்பாதித்தவர் "நிறுத்துங்க" என்றால் அது முதல் பக்கம். எதிர்காலக் கணிப்பு செய்தி ஆவதற்கு என்ன சொன்னார்கள் என்பதைவிட யார் சொன்னார்கள், அவர் சொல்லக்கூடிய ஆளா என்பது முக்கியம். சாமியார் மது ஒழிப்பு பேசினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சாராயக்கடை முதலாளி பேசினால் கூட்டம் கூடும்.

அப்புறம் வரிசையாக வந்தது. 2002 நவம்பரில் மைக்கேல் கிரைட்டன் (ஜுராசிக் பார்க் எழுதினாரே, அவர்தான்) 'ப்ரே' என்று நாவல் எழுதினார், நானோ எந்திரக் கூட்டம் மனிதர்களை வேட்டையாடுகிற கதை. 2003 ஜனவரியில் கனடாவின் ஈ.டி.சி. குழு நானோ ஆராய்ச்சியை நிறுத்தி வைக்கச் சொல்லி அறிக்கை விட்டது. ஏப்ரலில் இளவரசர் சார்லஸ் (2022ல் மன்னர் ஆனவர்) கிரே கூ பற்றிக் கவலைப்படுகிறார் என்று பிரிட்டிஷ் பத்திரிகைகள் எழுதின. கூழ் அரண்மனைக்குள்ளேயே போய்விட்டது!

இப்போது நான் மேலே சொன்ன எதிரி. ரிச்சர்ட் ஸ்மாலி. ஹியூஸ்டன் ரைஸ் பல்கலைக்கழகத்து வேதியியல் பேராசிரியர். கால்பந்து வடிவத்தில் 60 கார்பன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறை 1985ல் கண்டுபிடித்தவர்களில் ஒருவர், அதற்காக 1996ல் நோபல் பரிசு. இதில் வேடிக்கை என்னவென்றால், நானோடெக்னாலஜியில் தனக்கு ஆர்வம் வந்ததே டிரெக்ஸ்லரின் புத்தகத்தைப் படித்துத்தான் என்று ஸ்மாலியே ஒப்புக்கொண்டிருக்கிறார். அவரே 2001 செப்டம்பரில் 'சயண்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் இந்த எந்திரமெல்லாம் நடக்காத காரியம் என்று எழுதினார். அணுக்களைப் பிடிக்கும் விரல்களும் அணுக்களால்தான் ஆகியிருக்கும், ஆகவே விரல் தடிமனாக இருக்கும், அவ்வளவு சின்ன இடத்தில் அத்தனை விரல் நுழையாது. பிடித்த அணு விரலிலேயே ஒட்டிக்கொள்ளும், விடாது. தடி விரல், பிசின் விரல். அதே இதழில் டிரெக்ஸ்லரின் கட்டுரையும் இருந்தது. ஆனால் 'தடி விரல்' என்பதும் வாயில் போட வசதியான வார்த்தை. கூவை அடிக்க அதே ரகத்து ஆயுதம்தான் தேவைப்பட்டது போல.

2003 டிசம்பர் 1 அன்று அமெரிக்க வேதியியல் சங்கத்தின் செய்தி இதழில் இருவரின் கடித விவாதம் அட்டைப்படக் கட்டுரையாக வந்தது. நான் விரல் என்றே சொல்லவில்லை, ரைபோசோமும் என்சைமும் தினமும் செய்கிற வேலை எப்படி நடக்காத காரியமாகும் என்றார் டிரெக்ஸ்லர். அப்படியானால் உன் எந்திரம் தண்ணீருக்குள்தான் வேலை செய்யும், தண்ணீருக்குள் எஃகும் சிலிக்கானும் செய்ய முடியாது, தண்ணீர் இல்லையென்றால் அது என்ன வேதியியல், சொல் என்றார் ஸ்மாலி. நல்ல கேள்வி இது. உண்மையிலேயே விவாதிக்க வேண்டிய கேள்வி. ஆனால் கடைசிக் கடிதத்தில் ஸ்மாலி வேறு இடத்துக்குப் போய்விட்டார். ஹியூஸ்டன் பக்கத்தில் சுமார் 700 பள்ளி மாணவர்களிடம் பேசப் போயிருக்கிறார். அதற்கு முன்பு நானோ பற்றி அவர்களைக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். சிறந்த 30 கட்டுரைகளை ஸ்மாலி படித்தார். கிட்டத்தட்ட பாதியில், தானே பெருகும் நானோ ரோபோ சாத்தியம்தான் என்று எழுதியிருந்தது. பெரும்பாலான பிள்ளைகள், அது உலகம் பூரா பரவினால் என்ன ஆவோம் என்று பயந்துபோய் எழுதியிருந்தார்கள். நீயும் உன் கூட்டமும் எங்கள் பிள்ளைகளைப் பயமுறுத்திவிட்டீர்கள் என்று முடித்தார்.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு பேர் மீதும் பரிதாபம் வரும். அந்தப் பிள்ளைகள் டிரெக்ஸ்லரின் புத்தகத்தைப் படித்திருக்க வாய்ப்பு குறைவு. நாவல், டிவி, பத்திரிகை என்று ஏதோ ஒரு வழியில் கூழ் மட்டும் அவர்களிடம் போயிருக்கும், பாட்டில் போயிருக்காது. அதற்கு டிரெக்ஸ்லரைக் குற்றம் சொல்வது நியாயமா? பாதி நியாயம் என்பேன். பயத்துக்குப் பெயர் வைத்து ஊருக்குச் சொன்னது அவர்தானே. பெயர் இல்லாமல் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதும் நிஜம். ஸ்மாலி பக்கமும் பார்க்கணும். பல நூறு ஆய்வகங்களின் சோறு அந்த அரசுப் பணத்தில் இருந்தது. மக்கள் பயந்தால் பணம் நிற்கும். பயத்தை நிறுத்துவதற்கு வேகமான வழி, "ஆபத்தைக் கட்டுப்படுத்தலாம்" என்பதல்ல, "அந்தப் பொருளே சாத்தியமில்லை" என்பது.

விவாதம் வெளியான இரண்டாம் நாள், 2003 டிசம்பர் 3 அன்று, அதிபர் புஷ் நானோடெக்னாலஜி ஆராய்ச்சிச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். நாலு வருடத்துக்கு சுமார் 370 கோடி டாலர். கீழவை மசோதாவில் 'மூலக்கூறு உற்பத்தி' சாத்தியமா என்று ஒரு ஆய்வு செய்யச் சொல்லியிருந்தது. அதாவது டிரெக்ஸ்லர் கேட்ட கேள்வி. சட்டமாக வந்தபோது அந்த இடத்தில் 'மூலக்கூறுகள் தாமாகச் சேர்தல்' என்று இருந்தது. வேதியியலாளர்கள் தினமும் பார்க்கிற, யாருக்கும் பயம் தராத விஷயம். ஒரே ஒரு சொல் மாறியது, கேள்வியே வேறாகிவிட்டது. எதிர்காலக் கனவில் நல்ல பாதியை எடுத்துக்கொண்டார்கள். சர்க்கரைக் கட்டி நூலகம் உள்ளே, கூழ் வெளியே, கூழோடு சேர்த்து அதைச் சமைத்தவரும் வெளியே.

2004ல் டிரெக்ஸ்லர் ஒரு கடைசி முயற்சி செய்தார். கிறிஸ் ஃபீனிக்ஸ் என்பவரோடு சேர்ந்து 'நானோடெக்னாலஜி' ஆய்விதழில் ஒரு கட்டுரை. மூலக்கூறு அளவில் உற்பத்தி செய்யத் தானே நடமாடிப் பெருகும் எந்திரம் தேவையே இல்லை, மேசை மேல் வைக்கிற சின்ன தொழிற்சாலை போதும், அதில் எதுவும் தப்பித்து ஓட முடியாது, ஆகவே கிரே கூ விபத்தாக நடக்காது, யாராவது வேலை மெனக்கெட்டு வேண்டுமென்றே செய்தால்தான் உண்டு என்றார். அந்த வார்த்தையைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று 'நேச்சர்' இதழிடமும் வருத்தப்பட்டார். பத்திரிகைகள் செய்தி போட்டன. எப்படி? நானோ குரு கூவைக் கைவிட்டார் என்று. மறுப்பிலும் கூதான்.

அதே ஜூலையில் சார்லஸ் லண்டன் ஞாயிறு பத்திரிகை ஒன்றில் தானே கட்டுரை எழுதினார். அந்த வார்த்தையை நான் பயன்படுத்தியதே இல்லை, ரோபோ பெருகி உலகை அழிக்கும் என்பதெல்லாம் விஞ்ஞானக் கதையோடு நிற்கட்டும், என் கவலை தாலிடோமைடு மாதிரி ஏதாவது நடந்துவிடுமோ என்பதுதான் என்றார். (கர்ப்பிணிகளுக்குக் கொடுத்து, கைகால் சரியாக வளராத குழந்தைகள் பிறக்கக் காரணமான மருந்து அது.) மாதக் கடைசியில் ராயல் சொசைட்டியும் பொறியியல் அகாடமியும் சேர்ந்து தயாரித்த அறிக்கை வந்தது. கிட்டத்தட்ட அதே தொனி. நானோ துகள்களை வேறு புது ரசாயனமாகவே கருதிச் சோதிக்க வேண்டும், அவை உடலுக்குள் என்ன செய்கின்றன என்று நமக்குப் போதுமான அளவு தெரியாது என்றது. கிரே கூவுக்குக் கிடைத்த இடம் பின்னிணைப்பு. சன்ஸ்கிரீன் களிம்பில் இருக்கும் துகள் தோலுக்குள் போகுமா என்ற நிஜக் கேள்வியைக் கேட்க, நாலு வருடம் கூழைக் கிண்டி முடிக்க வேண்டியிருந்தது.

ஸ்மாலி 2005 அக்டோபரில் புற்றுநோயால் இறந்துபோனார், 62 வயதில். சட்டம் கேட்ட ஆய்வை 2006ல் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்டது. டிரெக்ஸ்லர் வகை எந்திரங்களையும் அது எடுத்துப் பார்த்தது. கணக்கெல்லாம் போடலாம், ஆனால் கடைசியில் எது எட்டும் எது எட்டாது என்று இப்போது நம்பகமாகச் சொல்ல முடியாது, செய்து காட்டுகிற சோதனைகளுக்குப் பணம் கொடுங்கள் என்றது. முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. இருபது வருடச் சண்டைக்குப் பிறகு கிடைத்த ஒரே நேர்மையான பதில். அது எந்தப் பத்திரிகையிலும் தலைப்புக்கு லாயக்கில்லாத பதில்.

இது டிரெக்ஸ்லரோடு ஆரம்பித்ததும் இல்லை, அவரோடு முடியவும் இல்லை. 1954 செப்டம்பரில் அமெரிக்க அணுசக்தி ஆணையத் தலைவர் லூயிஸ் ஸ்ட்ராஸ் நியூயார்க்கில் பேசும்போது, நம் பிள்ளைகள் காலத்தில் மீட்டர் வைத்து அளக்கத் தேவையில்லாத அளவுக்கு மின்சாரம் மலிவாகும் என்றார். கேட்டுக்கொண்டிருந்தது யார் தெரியுமா? அறிவியல் எழுத்தாளர்கள் சங்கம்! 'பிள்ளைகள் காலத்தில்' கழன்று விழுந்தது, 'மீட்டர் தேவையில்லை' மட்டும் அணுசக்தித் துறையின் கழுத்தில் இன்றுவரை தொங்குகிறது. 2016ல் ஜெஃப்ரி ஹிண்டன், ரேடியாலஜி டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்தலாம், ஐந்து வருடத்தில் கணினி அவர்களை மிஞ்சிவிடும் என்றார். பத்து வருடம்கூட ஆகலாம் என்று அடுத்த மூச்சிலேயே சொன்னார். ஐந்துதான் ஊர் சுற்றியது. பின்னாளில், ரொம்பப் பொதுப்படையாகப் பேசிவிட்டேன், ஸ்கேன் படத்தைப் படிக்கும் வேலையைத்தான் சொன்னேன் என்று விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது.

2023 மே 30 அன்று ஹிண்டன் உட்படப் பல செயற்கை அறிவுக்காரர்கள் சேர்ந்து ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். செயற்கை அறிவால் மனித இனம் அழியும் அபாயத்தைக் குறைப்பது, கொள்ளைநோய், அணுஆயுதப் போருக்கு இணையாக உலகத்தின் முன்னுரிமையாக வேண்டும் என்பது அதன் சாரம். ஒரே வாக்கியம். ஆங்கிலத்தில் 22 வார்த்தை. எண்ணிப் பாருங்க, அதில் ஒரு 'ஆல்' கூட இல்லை. கழன்று விழ எதுவும் மிச்சம் வைக்காமல் எழுதியிருக்கிறார்கள். அது சாமர்த்தியமா, இல்லை பத்திரிகை செய்ய வேண்டிய வேலையை இவர்களே முன்கூட்டிச் செய்துவிட்டார்களா என்று எனக்கு இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை. உங்களுக்கு என்ன தோணுதுன்னு பின்னூட்டத்தில் சொல்லுங்க.

டிரெக்ஸ்லர் 2013ல் இன்னொரு புத்தகம் எழுதினார், 'ராடிக்கல் அபண்டன்ஸ்'. தான் சொல்ல வந்ததற்கு நானோடெக்னாலஜி என்ற பெயரை விட்டுவிட்டு, 'அணுத் துல்லிய உற்பத்தி' என்று புதுப் பெயர் வைத்துக்கொண்டார். பக்கத்தில் யாரையாவது கேட்டுப் பாருங்க, அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறார்களா என்று.